எர்த்தம்மா அளந்த மண்

எங்கள் மின்பொறியியல் பேராசிரியருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அது அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. மாணவர்களுக்கு அவர் எர்த்தம்மா. எந்த மெஷினைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாலும் அது எவ்வளவு பெரியது, எவ்வளவு புதியது என்று கேட்கமாட்டார். "எர்த் எங்க?" என்பார். பச்சை வயர் தரைக்குப் போகிறதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு.

எனக்கும் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது: ஃப்யூஸ் அண்ணா. இருபத்திரண்டு வருடமாக அவருடைய லேப் டெக்னீஷியன் நான். சட்டென்று சூடாகிவிடுவேன் என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஃப்யூஸ் போனால் வீடு பிழைக்கும், சும்மா இல்லை.

மேடத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். தன் ஒரே மகளின் கல்யாணத்தில், மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், பெண்ணின் அம்மாவை மட்டும் காணோம். தேடிப் போனால் மண்டபத்தின் பின்பக்கம் ஜெனரேட்டர் பக்கத்தில் குனிந்து நிற்கிறார். அதற்கு எர்த் போடவில்லையாம். மெயினை இறக்கிவிட்டார். மண்டபம் இருட்டு. என்னைப் பையும் ஸ்பேனருமாக வரச்சொல்லி, நான் வயர் இழுத்துக் கட்டும்வரை இருபது நிமிடம் சம்பந்தி வீட்டார் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய கணவர் மருந்துக்கடைக்காரர், தங்கமான மனிதர். வருகிறவர்களிடமெல்லாம் "என்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கும் இப்படித்தாங்க, மாலையை வாங்குறதுக்கு முன்னாடி மைக் செட்டைப் பார்த்தா" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

மேடம் தையல்காரர் வீட்டுப் பெண். நான்கு பெண்களில் மூன்றாவது. கல்லூரியில் அறுபது பையன்களுக்கு நடுவே ஒருத்தியாகப் படித்தவர். மோட்டார் வகுப்புக்கு வந்தபோது, "வரைபடம் போடுற வேலை இருக்கே, அதை எடுத்துக்கம்மா" என்றார்களாம். பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரையே எடுத்தார். லேபுக்குள் நுழையுமுன் கைக்கடிகாரம், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றிப் பேனா ஸ்டாண்டில் போட்டுவிடுவார். ரப்பர் அடி வைத்த செருப்பு. குரல் உயராது. உயராத குரலுக்குத்தான் பிள்ளைகள் அதிகம் பயப்படுவார்கள்.

இனி லேபைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அங்கிருந்துதான். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், ஒரு காலத்தில் சாமான் போட்டு வைத்த அறை. பன்னிரண்டு மோட்டார், அதில் ஓடுவது ஏழு. ஒரு பேட்சுக்கு முப்பது பிள்ளைகள். ஒரு மோட்டாரைச் சுற்றி நின்றால் முன்னால் நிற்கிற நாலு பேருக்குத் தெரியும். மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு மோட்டாரைக் காதால் படித்துவிட்டுப் போவார்கள். மழை வந்தால் ஒரு மூலையில் பக்கெட் வைப்பேன், அந்த மூலை மோட்டாருக்கு அன்று விடுமுறை.

புது ஹால் ஒன்று வேண்டும் என்று மேடம் ஒன்பது வருடமாக எழுதினார். எத்தனை கடிதம், எத்தனை கமிட்டி. கடைசியில் நிர்வாகக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹால் கிடைத்தது. முப்பது பேரும் ஆளுக்கொரு மெஷின் முன்னால் நிற்கலாம், அவ்வளவு பெரியது. ஓடுகிற ஏழை வைத்துத் திறந்தால் மீதி மெஷினுக்குப் பணம் தருவதாகவும் சொன்னார்கள். ஆனால் அதே ஹாலைக் கம்ப்யூட்டர் துறையும் கேட்டிருந்தது. துணைவேந்தர் இரண்டு தடவை எங்களுக்காகத் தேதியைத் தள்ளிப்போட்டார். மூன்றாவது தடவை கமிட்டியிலேயே எழுதிவிட்டார்கள்: குறிப்பிட்ட வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெஷின் லேப் திறந்து ஓட வேண்டும், ஓடாவிட்டால் ஹால் கம்ப்யூட்டர் துறைக்கு. மேடத்துக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இது போனால் இனி அவர் காலத்தில் இல்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

திறப்புக்கு மூன்று வாரம் முன்னால் எர்த்தை அளந்தோம். மெஷின் உடம்பில் தப்பித்தவறி கரண்ட் ஏறினால், தொடுகிற பிள்ளையின் வழியாகப் போகாமல் மண்ணுக்குள் போக ஒரு வழி வேண்டும். அதற்குத்தான் கட்டடத்துக்கு வெளியே குழி வெட்டிக் குழாய் இறக்குவது. அந்த வழியில் தடை எவ்வளவு என்பதை ஓம் கணக்கில் சொல்வார்கள். எண் சின்னதாக இருந்தால் நல்லது. எங்கள் ஹாலுக்கு மேடம் போட்ட எல்லை ஒரு ஓம்.

அளக்கிற விதம் சுலபம்தான். குழியிலிருந்து நேர்கோட்டில் இரண்டு இரும்பு முளைகளை மண்ணில் அடிக்க வேண்டும், ஒன்று நடுவில், ஒன்று தூரத்தில். வயரை மாட்டி மீட்டரின் கைப்பிடியைச் சுற்றினால் முள் எண்ணைக் காட்டும். ஆனால் ஒரு திசையில் அளந்தால் போதாது. இன்னொரு திசையிலும் அடித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். மண்ணுக்குள் என்ன கிடக்கிறதென்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாதே. வருடா வருடம் மேடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிற பாடம் இது.

முதல் திசை, சாலை ஓரமாக. முள் அரை ஓமுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அருமையான எண். இரண்டாவது திசை நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் இருந்த புல்வெளியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. துணைவேந்தர் ஆசையாகப் போட்ட புல், பதித்து நாலு நாள்கூட ஆகவில்லை.

"அந்தப் பக்கமும் அடிக்கணுமே" என்றார் மேடம்.

"பச்சைப் புல்லு மேடம். சம்மட்டியோட அதுல இறங்கினா பெரியவர் நம்மளை மண்ணுல இறக்கிடுவார். அதான் அரை ஓம் வந்துடுச்சே" என்றேன் நான்.

அவர் புல்லைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். சிரித்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு, எர்த் சரியென்று சர்டிஃபிகேட்டும் கொடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு வேலையைப் பாதியில் மூடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

திறப்பு வாரத்தில் செவ்வாய்க்கிழமை மதியம், அவர் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஊர்க்கதை பேசினேன். சாலை ஓரத்தில் தண்ணீர் கசிகிறதென்று தோட்டக்காரர் காலையிலிருந்து தோண்டுகிறார், உள்ளே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பழைய இரும்புக் குழாய் கிடக்கிறது, அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறதென்று அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார் என்று சொல்லிச் சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. கையில் எடுத்த உணவை அப்படியே வைத்துவிட்டார்.

"குழாய் எந்தப் பக்கமா போகுது?"

"சாலை ஓரமா, நேரா..." என்று கையை நீட்டிக் காட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மூன்று வாரம் முன்னால் நான் முளை அடித்த அதே கோடு. நாங்கள் அளந்தது எங்கள் எர்த் குழியை அல்ல. கரண்ட் அந்தக் குழாயில் ஏறிச் சொகுசாகப் போயிருக்கிறது, மீட்டரும் அதை நம்பி நல்ல எண்ணைக் காட்டியிருக்கிறது. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா சாப்பிட்டிருக்கலாம்.

மேடம் கை கழுவிவிட்டு வந்தார். "சம்மட்டியை எடுங்க. புல்லுக்குப் போறோம்."

புல்வெளியில் முதல் முளையை அடித்து முடிக்கவில்லை, மாடி ஜன்னல் திறந்தது. இரண்டாவது முளை பாதி இறங்குமுன் துணைவேந்தரே இறங்கி வந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? புல்லு இப்பதான் வேர் பிடிக்குது!"

"ஒரு நிமிஷம் சார், ரீடிங் எடுத்துட்டுச் சொல்றேன்" என்றார் மேடம். பல்கலைக்கழகத்துக்கே தலைவர் வெயிலில் நின்றார், மேடம் மீட்டரைச் சுற்றினார். முள் எழுந்து பதினாலில் போய் நின்றது. மறுபடியும் சுற்றினார். பதினாலு.

அவர் எழுந்து துணைவேந்தரைப் பார்த்தார். "சார், நான் கொடுத்த சர்டிஃபிகேட் தப்பு. ஹாலோட எர்த் சரியில்ல. இந்த நிலைமையில கரண்ட் கொடுக்க முடியாது."

துணைவேந்தர் முகத்தில் ஈயாடவில்லை. "அழைப்பிதழ் எல்லாம் போயாச்சு மேடம். வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்குள்ள சரி பண்ணப் பார்க்கறேன். பண்ண முடியலன்னா உங்ககிட்ட நானே வந்து சொல்றேன்."

அன்று சாயங்காலமே ஹாலின் மெயின் ஸ்விட்சை இறக்கி அதில் தன் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டார். பிறகு உட்கார்ந்து துணைவேந்தருக்குக் கடிதம் எழுதினார். டைப் அடித்துத் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. கையாலேயே எழுதினார். நான் தோள் பக்கமாக எட்டிப் படித்தேன். 'ஒரு திசையில் மட்டும் அளந்து, இரண்டாவது திசையை விட்டுவிட்டு நான் கையெழுத்திட்டேன். இது முழுக்க என் பிழை.' தேடிப் பார்த்தேன், என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கேயே குறுகிப்போனேன்.

"மேடம், அன்னைக்கு வேணாம்னு சொன்னது நான்தானே. அதையும் எழுதுங்க."

"கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது."

"அப்புறம் என்ன?" என்று உறையை ஒட்டினார்.

புதன்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. பழைய குழிகளைத் தோண்டிப் பார்த்தால், கட்டடம் கட்டும்போது கொட்டிய கல்லும் உடைந்த செங்கலுமாக இருந்தது. அதில் எத்தனை குழாய் இறக்கினாலும் பிரயோஜனம் இல்லை. கொஞ்சம் தள்ளி நல்ல மண்ணில், ஆழமாகப் புதுக் குழி போட வேண்டும். பராமரிப்புப் பிரிவிலிருந்து இரண்டு ஆட்கள் வந்தார்கள். தோட்டக்காரர் கடப்பாரையோடு தானே வந்தார். தன்னால்தான் மேடத்துக்கு இந்தத் தலைவலி என்று அவருக்கு ஒரு எண்ணம். உங்களால்தான் பிழைத்தோம் என்று மேடம் எத்தனை தடவை சொல்லியும் அவர் சமாதானமாகவில்லை.

மேடம் வகுப்பு ஒன்றையும் விடவில்லை. வகுப்பு முடிந்ததும் நேரே குழிக்கு வருவார். ஈரக் களிமண்ணைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார், "இன்னும் ஆழம்" என்பார், போய்விடுவார். மூன்றாவது தடவை அப்படிச் சொன்னபோது கடப்பாரைக்காரர் ஒருவர், "இதுக்கு மேல தோண்டினா தண்ணி வந்துடும்மா" என்றார். "வரட்டும், அதைத்தான் தேடறேன். ஈர மண்ணுலதான் கரண்ட் சுலபமா இறங்கும்" என்றார் மேடம்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் இரண்டு குழி முடிந்து, குழாய் இறக்கி, அதிலிருந்து இரும்புப் பட்டையை இழுத்து ஹாலோடு இணைத்தாயிற்று. அளக்கப் போனோம். மேடம் மீட்டரை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க பார்த்துச் சொல்லுங்க. நோட்டுல நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"நானா? இத்தனை வருஷத்துல நான் எதுலயும் போட்டதில்லையே."

"இன்னைக்கு எனக்கு நல்ல நம்பர் வேணும்னு வெறியா இருக்கு. நான் பார்த்தா முள்ளு எனக்குப் பிடிச்ச இடத்துலதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

அந்த முதுகைப் பார்த்தபடி கைப்பிடியைச் சுற்றினேன். சாலையை விட்டு, குழாய் இல்லாத வேறு இரண்டு திசைகளில் முளை அடித்திருந்தோம். முதல் திசை, ஒன்று புள்ளி எட்டு. இரண்டாவது திசை, ஒன்று புள்ளி எட்டு. ஒரு ஓமுக்கு மேலே, கிட்டத்தட்ட இன்னொரு மடங்கு. நாளை பதினோரு மணி. பொய் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 'புள்ளி எட்டு' என்று இரண்டே வார்த்தை. முன்னால் இருக்கும் ஒன்றை முழுங்கிவிட்டால் ஒன்பது வருட ஹால் எங்களுடையது. அவர் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"ஒன்னு புள்ளி எட்டு மேடம். ரெண்டு பக்கமும்."

"எழுதிட்டீங்களா?" என்றார் அவர், திரும்பாமலே. எழுதினேன். என் கையெழுத்து கோணலாக விழுந்தது.

அந்த நோட்டோடு இருவரும் துணைவேந்தர் அறைக்குப் போனோம். அவர் படித்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினாலுல இருந்து ஒன்னு புள்ளி எட்டுக்கு வந்துட்டீங்க. நாளைக்குத் திறந்துட்டு அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கக் கூடாதா?"

"நாளைக்குத் திறந்தா திங்கக்கிழமை பிள்ளைங்க கை வைப்பாங்க சார்."

"என் கையும் கட்டியிருக்கு மேடம். கமிட்டியில எழுதினது. கம்ப்யூட்டர்காரங்க ஹாலைக் கேட்பாங்க."

"கொடுத்துடுங்க சார்" என்றார் மேடம்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். ஒன்பது வருடம் ஒற்றைக் காலில் நின்று வாங்கியதை இப்படித் தூக்கிக் கொடுப்பார்களா, ஒரு வாரம் கெஞ்சிக் கேட்டிருக்கலாமே, கெஞ்ச வராவிட்டால் என்னைப் பேசவிட்டிருக்கலாமே என்று படி இறங்கும்வரை கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். கீழே வந்ததும், "நாளைக்கு மூணாவது குழி. ஆளுங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார்.

"எதுக்கு மேடம் மூணாவது குழி? ஹாலே நம்மளது இல்லையே!"

"அதனால?"

நான் போய் ஆட்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிப்பன் இல்லை, கைதட்டல் இல்லை. கம்ப்யூட்டர் துறைத் தலைவர் டேப்பை எடுத்துக்கொண்டு மேசைக்கு அளவு பார்க்க வந்தார். மேடத்தைவிடப் பதினைந்து வயது சின்னவர், நல்ல மாதிரி. ஹாலுக்குள் போய் ஸ்விட்சைப் போட்டார், விளக்கு எரியவில்லை. வெளியே வந்து பார்த்தால் மேடம் மூன்றாவது குழியின் விளிம்பில் நிற்கிறார்.

"மேடம், மெயின்ல பூட்டு இருக்கே. சாவி உங்ககிட்ட இருக்காமே?"

நான் முந்திக்கொண்டேன். "ஹாலை வாங்கிட்டீங்க, கரண்டும் வேணுமா? ரொம்பத்தான்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கினேன். "தப்பா நினைக்காதீங்க சார். ஹால் உங்களோடதுதான். ஆனா எர்த் இன்னும் சரியாகல. யாருக்கா இருந்தாலும் கரண்ட் கிடையாது. புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்க."

"எங்களுது வெறும் கம்ப்யூட்டர்தானே மேடம்? மோட்டார் மாதிரி இல்லையே."

"நூறு கம்ப்யூட்டர், நூறு இரும்புப் பெட்டி. தொடுறது உங்க பிள்ளைங்க."

அவர் குழியை எட்டிப் பார்த்தார். உள்ளே தோட்டக்காரர் இடுப்பளவு மண்ணில் நின்றுகொண்டிருந்தார். "இதை நீங்க எதுக்கு மேடம் செய்யணும்? பராமரிப்புல சொன்னா போதாதா?"

"சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தது நான். சரியா ஆக்கிக் கொடுக்கறதும் நான்தான்" என்றார் மேடம். குரல் உயரவே இல்லை. அந்த மனிதர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, புதன்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

சனி, திங்கள், செவ்வாய். நான்காவது குழியும் ஆயிற்று. அதில் தண்ணீரும் வந்தது. அடுத்தவன் வீட்டுக்கு அடித்தளம் போடுகிறோமே என்று மண்வெட்டியைத் தூக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் மேடம் நிற்கும்போது நான் போய்விடவும் முடியவில்லை. ஒருநாள் அவர் கணவர் கடையை மூடிவிட்டு எல்லாருக்கும் குடிக்க டீ கொண்டுவந்தார். குழியைச் சுற்றிப் பார்த்தார். "இவ வீட்டுல ராத்திரி சரியாவே தூங்கறதில்ல. ஆனா முந்திக்கு இப்ப பரவாயில்ல" என்று என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

புதன்கிழமை காலை மறுபடி முளை அடித்தோம். மேடம் மறுபடி திரும்பி நின்றார். முதல் திசை, புள்ளி எட்டு. புல்வெளித் திசை, புள்ளி ஒன்பது. துணைவேந்தர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், இந்தத் தடவை இறங்கி வரவில்லை. எண்களைச் சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். சுற்றினேன், அதே எண்கள். எழுதினேன். இந்த முறை கையெழுத்து நேராக விழுந்தது.

கம்ப்யூட்டர் துறைத் தலைவர் வந்தார். மேடம் பூட்டைத் திறந்து, மெயினைத் தன் கையாலேயே ஏற்றினார். ஹால் முழுக்க விளக்கு எரிந்தது. எங்கள் முப்பது மெஷினுக்கும் நாங்கள் தரையில் சுண்ணாம்பால் போட்டு வைத்திருந்த கட்டங்கள் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. மேடம் அவற்றை ஒரு தடவை பார்த்தார். நோட்டை அவர் கையில் கொடுத்து, "வருஷத்துக்கு ஒரு தடவை அளக்கணும் சார். ரெண்டு திசையிலயும். யாரோட புல்லா இருந்தாலும்" என்றார்.

எங்கள் பழைய லேபுக்குத் திரும்பி நடந்தோம். பாதி வழியில் நான் தாங்கமுடியாமல் கேட்டேன்.

"மேடம், உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

அவர் நின்றார். அப்போதுதான் அவர் கண்களைப் பார்த்தேன், இரண்டும் நிரம்பியிருந்தன.

"எப்படி இல்லாம இருக்கும்? எனக்கு அந்த ஹால் ரொம்ப வேணும்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நாம புல்லைப் பார்த்து நின்னோமே, அது எத்தனை நிமிஷம் இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்."

"ம். அன்னைக்கே அதுல அடிச்சிருந்தா, சரி பண்ண மூணு வாரம் இருந்திருக்கும்" என்றார்.

லேப் வாசலில் முப்பது பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். மேடம் கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிக்கொண்டே உள்ளே போனார். ஏழு மோட்டாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இன்னைக்கு ஒவ்வொருத்தரும் தனியா ஓட்டணும். முப்பது பேரும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, நீங்க இருப்பீங்கல்ல?"

"இருக்கேன் மேடம்" என்றேன். முதல் மோட்டாரின் பச்சை வயரை இழுத்துப் பார்த்துவிட்டு, வாசலில் நின்ற முதல் பெண்ணை உள்ளே கூப்பிட்டேன்.